ரயில் பெட்டி எங்கே நசுங்க வேண்டும்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பியூப்லோ என்றொரு ஊர். அதற்கு வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம் மட்டை இல்லாத பொட்டல்வெளியில், ரயில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பெரிய மையம் இருக்கிறது. 1971இல் திறந்தது. அங்குள்ள தடங்களில் ஒன்று எந்த ஊருக்கும் போவதில்லை. லேசான இறக்கத்தில் இறங்கி, தடித்த கான்கிரீட் சுவர் ஒன்றில் போய் முடிந்துவிடுகிறது. ரயில் பெட்டிகளை மோதிப் பார்க்கத்தான் அந்தச் சுவர்.

1999 முதல் 2006 வரை இந்த மையத்தில் பயணிகள் பெட்டிகளை வைத்து ஆறு பெரிய மோதல் சோதனைகள் நடந்தன. அமெரிக்க அரசின் ரயில்வே ஒழுங்குமுறை அமைப்பு பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸில் உள்ள வோல்பி ஆராய்ச்சி மையம் கணக்குப் போட்டது. மோதலில் ஒரு ரயில் பெட்டிக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆறு சோதனைகளைத்தான். காரணம், அவை ஜோடி ஜோடியாக நடந்தவை. முதலில் பழைய மாதிரிப் பெட்டியை மோதினார்கள். அப்புறம் அதே மோதலை, ஏறத்தாழ அதே வேகத்தில், மாற்றி அமைத்த பெட்டியை வைத்துச் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சமாச்சாரம் தானாகவே விளங்கிவிடும்.

கார் வாங்குகிறவர்களுக்கு மோதல் சோதனை புதிதில்லை. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுத்தான் இப்போது பலர் முன்பணமே கட்டுகிறார்கள். ரயிலுக்கு அப்படி நட்சத்திரம் கிடையாது. ஒரு கார் மாடல் லட்சக்கணக்கில் விற்கும், அதில் நாலைந்தை உடைத்தால் நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. ரயில் பெட்டியோ விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. அதனால் ஒவ்வொரு மாடலையும் உடைத்துப் பார்க்க முடியாது. சில பெட்டிகளை மட்டும் உடைத்து, அதில் கிடைக்கும் அளவுகளை வைத்து, கணினியில் போட்ட கணக்கு சரிதானா என்று சோதிக்கிறார்கள். கணக்கு ஒத்துவந்தால், மற்ற மாடல்களைக் கணினியிலேயே மோதவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலை வேண்டுமென்றே மோதவிடுவது என்னவோ பழைய பழக்கம்தான். 1896 செப்டம்பரில் டெக்சாஸில், ஒரு ரயில் கம்பெனி விளம்பரத்துக்காக இரண்டு நீராவி ரயில்களை நேருக்கு நேர் ஓட்டி மோதவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சுமார் 40,000. பாய்லர்கள் வெடிக்காது என்று உறுதி சொல்லியிருந்தார்கள். வெடித்தன. பறந்து வந்த இரும்புத் துண்டுகள் பட்டுப் பார்வையாளர்களிலேயே சிலர் இறந்துபோனார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த அதிகாரியின் பெயர் வில்லியம் க்ரஷ். நம்ப முடியாவிட்டாலும் நிஜம்.

கெட்டியாகக் கட்டினால் போதாதா?

ரயில் பெட்டியைப் பாதுகாப்பாக்க முதலில் தோன்றும் வழி, அதைக் கெட்டியாகக் கட்டுவது. அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்த விதியும் அதுதான். பெட்டியின் இரு முனைகளையும் 8 லட்சம் பவுண்டு விசையில், அதாவது சுமார் 360 டன் எடைக்குச் சமமான விசையில் அழுத்தினாலும், அது நிரந்தரமாக வளையக் கூடாது. உலகத்திலேயே கடுமையான விதிகளில் ஒன்று அது.

இந்த விதியில் ஒரு ஓட்டை உண்டு. 360 டன் வரை வளையாது, சரி. அதைத் தாண்டினால் எப்படி வளையும், எங்கே வளையும், எவ்வளவு தூரம் வளையும்? அதைப் பற்றி அந்த விதி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெரிய மோதல்களில் விசை அந்த எல்லையைத் தாண்டத்தான் செய்யும்.

கணக்கைப் பார்ப்போம். 34 டன் எடையுள்ள ஒரு வெற்றுப் பெட்டி மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 41 லட்சம் ஜூல். அதே பெட்டியை நான்கு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றல் இது. பெட்டி நின்றுபோனால் இந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக் போட்டால் சக்கரமும் பிரேக் கட்டையும் சூடாகி மெல்ல மெல்ல அதை வாங்கிக்கொள்ளும். மோதலில் அதற்கு நேரமில்லை. இரும்பு மடங்கி, கிழிந்து, நசுங்கித்தான் அந்த ஆற்றலைத் தின்ன வேண்டும். ஆகவே ஏதோ ஒன்று நசுங்கியே தீரும். எது நசுங்கலாம் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கிறோமா, இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

1999 நவம்பரில் நடந்த முதல் சோதனை இதுதான். ஒரே ஒரு பழைய பெட்டி, மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதியது. முன்பக்கம் சுமார் 5 அடி நசுங்கியது. பெட்டியின் மூக்கு மேலே எழும்பி, முன் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டே தூக்கிக்கொண்டன. இந்த எழும்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

முதல் பெட்டி மட்டும் ஏன் அடி வாங்குகிறது?

ரயில் என்பது ஒற்றைப் பெட்டி இல்லை. பத்துப் பெட்டி இருந்தால் நசுங்குவதையும் பத்தும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய மாதிரிப் பெட்டியின் முனை முதலில் நன்றாகவே எதிர்த்து நிற்கும். விசை ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொடும். அங்கே உத்தரம் ஒன்று மடங்கும். மடங்கிய பிறகு அதே இடத்தை மேலும் நசுக்க அவ்வளவு விசை தேவைப்படாது. முதலில் எதிர்த்ததில் பாதிகூட எதிர்க்காது. இப்போது இரண்டாவது பெட்டியின் நிலையை யோசியுங்கள். அதன் முனை இன்னும் முழு பலத்தோடு இருக்கிறது. அது நசுங்க வேண்டுமானால் அந்தப் பழைய உச்ச விசை வேண்டும். ஆனால் முன்னால் இருக்கும் உடைந்த முனை குறைந்த விசைக்கே இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எனவே பின்னால் வரும் பெட்டிகள் எல்லாம் முழுசாக நின்று, முதல் பெட்டியைத் தள்ளித் தள்ளி நசுக்குகின்றன. ஒட்டுமொத்த ரயிலின் ஆற்றலையும் ஒரே ஒரு பெட்டி தின்கிறது. அதில் இருக்கிறவர்களின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2000 ஏப்ரலில் இரண்டு பெட்டிகளை இணைத்து, மணிக்கு 42 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினார்கள். எதிர்பார்த்தபடியே நசுங்கல் அநேகமாக முழுவதும் முதல் பெட்டியின் முன்பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது பெட்டிக்குப் பெரிய சேதம் இல்லை. கூடவே இன்னொரு கோளாறும் தெரிந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், அவற்றை இணைக்கும் கப்ளர் பக்கவாட்டில் திரும்பி, பெட்டிகள் கோணலாக மடங்கின. ஒரு சங்கிலியை முன்னாலிருந்து இழுத்தால் நேராக வரும், பின்னாலிருந்து தள்ளினால் நெளியும். ரயிலும் அப்படித்தான். நீளமான ரயிலில் இந்த நெளிவு பெரிதானால் பெட்டிகள் குறுக்கே திரும்பி, பக்கத்துத் தடத்திலும் போய் விழும். பக்கவாட்டில் பெட்டிக்குப் பலம் குறைவு என்பதால் அது இன்னும் மோசம்.

2002 ஜனவரி 31ஆம் தேதி முழு ரயிலோடு முழு ரயில். இதற்கு முன் அமெரிக்காவின் கேப் கார் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே புறநகர் ரயில்களில் ஒரு பக்கம் மட்டும் இன்ஜின் இருக்கும். திரும்பி வரும்போது இன்ஜினைக் கழற்றி மாட்டுவதில்லை, அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். முன்னால் வரும் பயணிகள் பெட்டியிலேயே ஓட்டுநருக்கு ஒரு சின்ன அறை இருக்கும், அந்தப் பெட்டிதான் கேப் கார். நம் சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் ஓட்டுநர் அறைக்கு அடுத்தே பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த அமைப்பு. மோதல் நடந்தால், குறுக்கே இன்ஜின் என்ற கனத்த இரும்பு இல்லாமல் நேராக ஆள் இருக்கும் இடத்தில் அடி விழும். 1996 பிப்ரவரியில் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இப்படி வந்த ஒரு புறநகர் ரயில் ஆம்ட்ராக் ரயிலோடு மோதி 11 பேர் இறந்தார்கள். பியூப்லோ சோதனைகளில் கேப் காருக்கு இத்தனை முக்கியத்துவம் கிடைத்ததற்கு இந்த மாதிரி விபத்துகள்தான் காரணம்.

சோதனையில், கேப் கார் முன்னால் வர, மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. வேகத்தில் ஒரு ரயில் வந்தது. எதிரே நின்றது ஓர் இன்ஜினும், அதன் பின்னால் எடை ஏற்றிய இரண்டு சரக்கு வேகன்களும். கேப் கார் முன்பக்கம் எழும்பி, இன்ஜினின் மேலேயே ஏறிவிட்டது. சுமார் 22 அடி நீளத்துக்கு, கிட்டத்தட்ட 6.7 மீட்டர், பயணிகள் பகுதி இல்லாமல் போனது. ஓட்டுநர் உட்காரும் இடமும் 47 பயணிகள் உட்காரும் இடமும் காலி. 48 கி.மீ. என்பது நம் ஊர் பைபாஸில் பைக் போகிற வேகம்தான்.

இந்த ஏறுதல்தான் ரயில் மோதல்களில் ஆளைக் கொல்லும் முதல் காரணம் என்பேன். பெட்டியின் முழு பலமும் அதன் அடித்தளச் சட்டத்தில் இருக்கிறது. மேலே உள்ள பக்கச் சுவரும் ஜன்னலும் கூரையும் ஒப்பிட்டால் மெலிந்தவை. சட்டமும் சட்டமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் பலத்தோடு பலம் மோதும். ஒன்று கொஞ்சம் எழும்பிவிட்டால், ஒன்றின் சட்டம் மற்றதன் மெல்லிய உடம்புக்குள் பாயும். எழும்பலை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

நசுங்கும் இடத்தை ஒதுக்கிக் கொடுப்பது

தீர்வு கேட்க எளிதாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் இரு முனைகளிலும் ஆள் இல்லாத பகுதி கொஞ்சம் இருக்கிறது: வாசற்படி, கழிவறை, மின்சாதனப் பெட்டி, துடைப்பம் வாளி வைக்கும் அலமாரி. அந்தப் பகுதியை நசுங்கும் பகுதியாக மாற்ற வேண்டும். நடுவில் பயணிகள் இருக்கும் பகுதி அதைவிடப் பலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, நசுங்க நசுங்க அந்த முனை எதிர்க்கும் விசை குறையக் கூடாது, ஏறிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் முதல் முனை ஓரளவு நசுங்கிய பிறகு விசை அடுத்த பெட்டிக்குப் போய், அதன் முனையும் நசுங்கத் தொடங்கும். ஒரு பெட்டி மட்டும் பலியாவது நின்று, ரயில் முழுக்கப் பங்கு பிரிந்துவிடும்.

அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பவே ரசிக்கத்தக்க பொறியியல். மோதல் நடந்தவுடன் முதலில் அசைவது கப்ளர். பழைய அமைப்பில் இரண்டு கப்ளர்களும் விறைத்து நின்று பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். புதிய அமைப்பில், குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் கப்ளரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அறுந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். கப்ளர் பின்னால் உள்ளே போய்விடும். இப்போது இரண்டு பெட்டிகளின் முழு முகமும் ஒன்றோடொன்று ஒட்டும். முகத்தில் கிடைமட்டமாகப் பல்வரிசை போல வரம்புகள் இருக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு, எந்தப் பெட்டியும் மேலே எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு அடுத்த செட் போல்ட்டுகள் அறும். அடித்தளத்தின் முனைத் துண்டு ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போவதைப் போலப் பின்னால் நகரும். அந்த நகர்வுக்கு எதிரே வைத்திருக்கும் உலோகக் கட்டைகள் மடிப்பு மடிப்பாக நசுங்கி ஆற்றலைத் தின்னும்.

கேப் காரில் ஓட்டுநர் அறையை என்ன செய்வது? அவர் முன்னால் இருந்தே ஆக வேண்டும், நசுங்கும் பகுதியும் முன்னால்தான் இருக்க வேண்டும். அதனால் அவர் அறையை ஒரு தனிக் கூண்டாகவே கட்டினார்கள். மோதலில் அந்தக் கூண்டு நசுங்காமல் அப்படியே பின்னால் நகர்ந்து, அதற்குப் பின்னால் இருக்கும் ஆளில்லாத சாதன அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாற்றங்களோடு மறுபடி அதே மோதல்கள். 2003 டிசம்பரில் ஒற்றைப் பெட்டி: 5 அடிக்குப் பதில் 3 அடிதான் நசுங்கியது, சக்கரங்கள் தண்டவாளத்திலேயே இருந்தன. 2004 பிப்ரவரியில் இரண்டு பெட்டிகள், இந்த முறை முன்னதைவிடச் சற்று அதிக வேகத்தில், சுமார் 47 கி.மீ.: நசுங்கல் பங்கு பிரிந்தது, பெட்டிகள் நெளியாமல் நேராக நின்றன. 2006 மார்ச் 23இல் முழு ரயில், சுமார் 50 கி.மீ. வேகத்தில்: கேப் காரின் முன்பக்கம் சுமார் 3 அடி நசுங்கியது, ஓட்டுநர் இடம் உட்பட ஆள் உட்காரும் ஓர் இடம்கூடப் போகவில்லை. 22 அடிக்கு எதிராக 3 அடி. பெட்டியின் எடையைப் பெரிதாக ஏற்றாமல், பலத்தை எங்கே வைப்பது, எங்கே வேண்டுமென்றே குறைப்பது என்று மாற்றியதால் வந்த வித்தியாசம் இது.

சோதனை நாளில்

ஓட்டுநர் இல்லாத பெட்டியைச் சரியான வேகத்தில் சுவரில் மோதவைப்பது விளையாட்டு வேலை இல்லை. ஓர் இன்ஜின் பெட்டியைப் பின்னாலிருந்து இறக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். அதற்குப் பிறகு பெட்டி தானாக உருண்டு போகும். எந்த இடத்தில் விட்டால் சுவரை எட்டும்போது எந்த வேகம் இருக்கும் என்று முன்பே பல முறை ஓட்டிப் பார்த்து அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். காற்று எதிரே அடித்தால்கூட வேகம் மாறும். அதனால் வானிலை பார்த்துக் காத்திருப்பதும் வேலையில் ஒரு பங்கு.

பெட்டி முழுக்கக் கருவிகள். எவ்வளவு வேகம் குறைகிறது என்று அளக்கும் முடுக்கமானிகள், இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் திரிபு அளவிகள், எது எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் கம்பிச் சுருள்கள், சுற்றிலும் அதிவேக கேமராக்கள். இருக்கைகளில் டம்மி பொம்மைகள். காருக்குப் பயன்படும் அதே வகைதான், தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் தொடையிலும் உணரிகளோடு. முழு மோதலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து தரவுகளைப் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன்பே கணினிக் கணிப்பை எழுதிவைத்துவிடுவார்கள் என்பதும் முக்கியம். முடிவைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் திருத்துவதில் யாருக்கும் நம்பிக்கை வராது.

இரண்டாவது மோதல்

பெட்டி நசுங்காமல் தப்பிவிட்டது, சரி. உள்ளே இருக்கிறவர்? பெட்டி நின்றாலும் அவர் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கும், எதன் மீதாவது மோதும் வரை. மோதல் பாதுகாப்பில் இதை இரண்டாவது மோதலாகக் கணக்கில் எடுக்கிறார்கள். பலருடைய காயங்கள் இதில்தான் ஏற்படுகின்றன.

இதிலும் ஒரு சின்னக் கணக்கு உதவும். பெட்டி புவியீர்ப்பைப் போல 8 மடங்கு வீதத்தில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனையில் 56 கி.மீ. வேகம் 5 அடிக்குள் நின்றதல்லவா, சராசரியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட இந்த அளவுதான் வரும். பயணிக்கும் முன் இருக்கையின் முதுகுக்கும் நடுவே 60 செ.மீ. இடைவெளி இருந்தால், அவர் அதில் போய் மோதும்போது இருக்கையோடு ஒப்பிட்ட அவருடைய வேகம் மணிக்கு சுமார் 35 கி.மீ. இடைவெளி 30 செ.மீ. ஆகக் குறைந்தால் அந்த வேகம் 25 கி.மீ. ஆகிவிடும். நெருக்கமாக இருக்கை போடுவது கம்பெனியின் கஞ்சத்தனம் மட்டுமில்லை, மோதலில் அது பயணிக்கு நல்லதும்கூட. ஆனால் முன் இருக்கையின் முதுகு மென்மையாக மடிந்து அவரைத் தாங்க வேண்டும், அவர் அதைத் தாண்டிப் பறந்துவிடாதபடி உயரமாகவும் இருக்க வேண்டும்.

புதிய அமைப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. 5 அடிக்குப் பதில் 3 அடிக்குள் நின்றால், வேகம் இன்னும் சடாரென்று குறைகிறது என்று அர்த்தம். உட்காரும் இடம் காப்பாற்றப்படுகிறது, ஆனால் உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் கூடுகிறது. எல்லாவற்றிலும் அதிகம் குலுங்குவது முன்னால் போகும் கேப் கார். அதனால் 2006 சோதனையில் அந்தப் பெட்டியில் பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கைகளையும் வைத்துப் பார்த்தார்கள். அப்படி உட்கார்ந்தால் முதுகு முழுவதும் ஏற்கெனவே இருக்கையில் சாய்ந்திருக்கும், பறந்து போய் மோத இடைவெளியே இருக்காது.

மேசைகள் இன்னொரு தொல்லை. எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே போடும் மேசையின் விளிம்பு வயிற்று உயரத்தில் இருக்கும். 2002 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பிளசென்ஷியாவில் ஒரு சரக்கு ரயில் மெட்ரோலிங்க் பயணிகள் ரயிலில் மோதியது. பெட்டிகளுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனாலும் மேசை விளிம்பில் வயிறு அடிபட்டதால் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் விளிம்பு நசுங்கி உடம்பைத் தாங்கும் மேசையை வடிவமைத்து அதையும் பியூப்லோ சோதனையில் ஏற்றினார்கள்.

அப்படியானால் சீட் பெல்ட்? எல்லோரும் கேட்கும் கேள்வி. பிரிட்டனில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பெல்ட்டின் இழுவையைத் தாங்க இருக்கையை விறைப்பாகக் கட்ட வேண்டும். விறைத்த இருக்கையில், பெல்ட் போடாத பின்வரிசைக்காரர் வந்து மோதினால் அவருக்குக் காயம் கூடும். ரயிலில் எல்லோரையும் பெல்ட் போடவைப்பதும் நடக்கிற காரியமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

சோதனைக்கு வெளியே

2005 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே கிளெண்டேலில், ஒருவர் தண்டவாளத்தில் விட்டுப்போன வண்டியில் ஒரு மெட்ரோலிங்க் ரயில் மோதித் தடம் புரண்டது. கேப் கார்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சரக்கு ரயிலிலும் எதிரே வந்த இன்னொரு பயணிகள் ரயிலிலும் போய் இடித்தது. 11 பேர் இறந்தார்கள். பியூப்லோ முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது வாசல்வரை வந்த பரீட்சை. மெட்ரோலிங்க் நசுங்கும் பகுதியுள்ள பெட்டிகளைத் தென்கொரியாவின் ஹூண்டாய் ரோட்டமிடம் ஆர்டர் செய்தது. 2010இல் அவை வரத் தொடங்கின.

அதற்குள் 2008 செப்டம்பரில் சாட்ஸ்வொர்த் விபத்து. மெட்ரோலிங்க் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர். இங்கே முன்னால் இருந்தது இன்ஜின்தான், கேப் கார் இல்லை. ஆனாலும் அந்த இன்ஜினே பின்னால் தள்ளப்பட்டு முதல் பயணிகள் பெட்டிக்குள் சுமார் 16 மீட்டர் புகுந்துவிட்டது. 25 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டு சிவப்பு சிக்னலைத் தாண்டியிருந்தார். அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், ஓட்டுநர் தவறினாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் அமைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. நம் ஊர் கவச் அமைப்பும் இதே வேலைக்குத்தான்.

ஐரோப்பாவில் இஎன் 15227 என்ற தரநிலை இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு ரயில்கள் 36 கி.மீ. வேக வித்தியாசத்தில் மோதினால், 80 டன் வேகன் ஒன்றில் அதே வேகத்தில் மோதினால், லெவல் கிராசிங்கில் 15 டன் லாரி போன்ற தடையில் அதிகபட்சம் 110 கி.மீ. வேகத்தில் மோதினால் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. முதல் இரண்டு நிலைமைகளில், பயணிகள் பகுதியில் வேகம் குறையும் சராசரி வீதம் புவியீர்ப்பைப் போல 5 மடங்குக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவும் 2018இல், பழைய 8 லட்சம் பவுண்டு விதிக்கு மாற்றாக, மோதல் நிலைமைகளைக் கணக்கிட்டுக் காட்டும் வழியையும் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு பெரம்பூர் பக்கம் உண்டு. 1955இல் தொடங்கிய சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் கட்டிய பெட்டிகள்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் நாம் ஏறி இறங்கியவை. பெட்டிகளை இணைக்கத் திருகுக் கப்ளிங், இரு பக்கமும் இடியை வாங்கிக்கொள்ளும் பஃபர். வேகமாக மோதினால் அந்தப் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், ஒன்றுக்குள் ஒன்று புகும். ஜெர்மனியிலிருந்து வந்த எல்எச்பி வடிவமைப்பில் துருப்பிடிக்காத எஃகு உடம்பும், பெட்டிகளை இறுக்கிப் பிடித்து ஏறவிடாமல் தடுக்கும் நடு கப்ளரும் உண்டு. 2018இல் ஐசிஎஃப் பழைய வடிவமைப்பை நிறுத்திவிட்டு எல்எச்பிக்கு மாறியது.

2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு, சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில், மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், ரயில்கள் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அப்போது வேகம் சுமார் 75 கி.மீ. பல பெட்டிகள் தடம் புரண்டன. ஒருவர்கூட இறக்கவில்லை. எல்எச்பி பெட்டிகள். 2023 ஜூன் 2ஆம் தேதி, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும் அதே போல லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில்தான் மோதியது. வேகம் சுமார் 128 கி.மீ. அதுவும் எல்எச்பி. அடுத்த தடத்தில் போன இன்னொரு எக்ஸ்பிரஸின் பின்பெட்டிகளும் அதில் மாட்டின. 290 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இரண்டுக்கும் நடுவே எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. எதிரே நின்ற சரக்கு ரயிலின் எடை, மோதிய கோணம், பக்கத்துத் தடத்தில் ரயில் வந்தது வராதது, எல்லாமே சேர்த்திதான். ஆனால் ஆற்றல் கணக்கை மட்டும் எடுத்தால் 128 கி.மீ. வேகத்தில் உள்ள ஆற்றல் 75 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஏனென்றால் வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஐரோப்பியத் தரநிலையின் அந்த 5 மடங்கு வீதத்தையே வைத்து, 128 கி.மீ. வேகத்தில் அசையாத ஒரு தடையில் மோதும் பெட்டியை நிறுத்திப் பார்த்தால், அதன் முன்னால் சுமார் 13 மீட்டர் நீளத்துக்கு நசுங்கும் பகுதி வேண்டும். ஓர் எல்எச்பி பெட்டியின் மொத்த நீளமே ஏறத்தாழ 23.5 மீட்டர்தான்.